மாதிரி எண் பூஜ்யம்: ஒரு சாக்பீஸ்

போன வாரம் கயல்விழி போன் செய்தாள். சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியின் இயற்பியல் துறையில், நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது அவள்தான் ஆய்வுக்கூட உதவியாளர். துறைக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறதாம். காந்தம், குளிர்விக்கும் கருவி, கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். மாதிரியை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாமாம்.

"மேரிம்மா, ஒரே ஒரு டவுட்டு. எதை அளந்தாலும் மொதல்ல ஒரு சாக்பீஸ் துண்ட வச்சு அளக்கணும்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கே. அதுக்கு மாதிரி எண் பூஜ்யம்னு பேரு வேற. மெஷின் மாட்ட வந்த இன்ஜினியர் அதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. கிழிச்சுடலாமா?"

"கிழிச்சுப் பாரு. அடுத்த ரயிலுக்கே கெளம்பி வரேன்" என்றேன்.

பயந்துவிட்டாள், பாவம். துறை மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பவளும் அவள்தான். நானும் ஓய்வுபெற்று இரண்டு வருஷமாக, எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கடனையும் ஒன்றாகத் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. பெயர் ஆரோக்கியமேரி. ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தபோது எங்கள் வகுப்பில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அங்கே எல்லோரும் திருகாணியைத் தொலைக்காதே என்று சொன்னார்கள். நான் தொலைத்துக்கொண்டே இருந்தேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பிறகு சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. முப்பத்தொரு வருஷம் காலையில் ரயிலில் போய் மாலையில் ரயிலில் திரும்பினேன். ரயிலில் தோழிகள் வெங்காயம் உரிப்பார்கள், பூ கட்டுவார்கள், நான் தூங்குவேன்.

என் மேலதிகாரி பேராசிரியர் சபாநாயகம். அவரைப் பற்றிச் சொல்லாமல் சாக்பீஸுக்குப் போக முடியாது. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் பச்சை மைப் பேனா. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் அளந்து வைத்திருந்தோம். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "நோட்டுல ஏறுச்சா மேரி?" அடுப்பு அணைந்தால் நோட்டில் ஏற வேண்டும், மின்சாரம் போனால் ஏற வேண்டும், பல்லி விழுந்தால் அதுவும் ஏற வேண்டும். ஒரு முறை நான் தும்மியதை எழுதி வைத்தேன். வாசித்துவிட்டு, நேரம் போடவில்லையே என்றார்.

இன்னொன்று, ராகு காலம். உலகத்தில் உள்ள உலோகங்களையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருந்த மனிதர், புது மாதிரியை ராகு காலத்தில் காந்தத்துக்குள் வைக்க விடமாட்டார். அந்த நேரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டார். பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். வெளியூரிலிருந்து யாராவது வந்து "ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டால், நேரம் சரியில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம். முதலில் டீ வரும். பிறகு வராந்தாவில் மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். அதுவும் தீர்ந்துபோனால் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் எங்கள் முருங்கை மரத்தைக் காட்டுவார். பெரிய பெரிய விஞ்ஞானிகளெல்லாம் அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். நான் கோயில் தெரு மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வேலைக்கு வருகிறவள். ஆனாலும் செவ்வாய் மூன்று முதல் நாலரை, புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை, வியாழன் ஒன்றரை முதல் மூன்று என்று ஏழு நாளைக்கும் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

இனி அன்வர். மங்கலம்பேட்டைப் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். நாற்பத்து மூன்று வயது. பள்ளியில் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். விருத்தாசலம் வந்து பஸ் மாறி, கசங்கிய சட்டையோடு வந்து நிற்பார். என்னை மேரிக்கா என்பார், நான் அவரை வாத்தியாரே என்பேன்.

அவருடைய ஆய்வைப் பற்றி முதல் நாளே கேட்டேன். சில உலோகக் கலவைகள் இருக்கின்றன. காந்தத்துக்கு நடுவில் வைத்தால் தானாகவே சூடாகும், காந்தத்தை அணைத்தால் தானாகவே குளிரும். நெருப்பு வேண்டாம், வாயு வேண்டாம். இதை வைத்து ஒரு நாள் வாயு இல்லாத ஃபிரிட்ஜே செய்யலாம் என்கிறார்கள். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் அதன் காந்தத்தன்மை போய்விடும். அந்த எல்லைக்கோட்டின் பக்கத்தில்தான் இந்த வித்தை ஜாஸ்தி நடக்கும்.

"அது ஏன் சூடாவுது வாத்தியாரே?"

"ரொம்ப சிம்பிள் மேரிக்கா. பிரேயர்ல பசங்க கண்டபடி கலைஞ்சு நிப்பானுங்க. அட்டென்ஷன்னு ஒரு சத்தம் போட்டா நேரா நிப்பானுங்க. ஆனா சேட்டை எங்க போவும்? கால்ல காட்டுவானுங்க. பக்கத்துல நிக்கறவன மிதிப்பானுங்க. காந்தம் வந்தா உள்ள இருக்கற அணுவெல்லாம் நேரா நிக்குது. அதுங்க அடக்கி வச்ச சேட்டைதான் சூடு."

இவரிடம் படித்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கலவையைச் செய்வது என் வேலை. லாந்தனம், இரும்பு, கோபால்ட், சிலிக்கான் நான்கையும் நிறுத்து எடுக்க வேண்டும். லாந்தனத்தை மட்டும் கொஞ்சம் கூடவே வைக்க வேண்டும், அது உருகும்போது ஆவியாகிக் குறைந்துபோகும் குணம் உள்ளது. செப்புத் தட்டின் குழியில் இவற்றைப் போட்டு, மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்புவோம். முதலில் பக்கத்துக் குழியில் இருக்கும் டைட்டானியம் உருண்டையை உருக்குவேன். உள்ளே ஒளிந்திருக்கும் மிச்சம் மீதி ஆக்சிஜனை அது விழுங்கிவிடும். பிறகுதான் மின்பொறியை நம் கலவையின் பக்கம் திருப்புவேன். உருகி ஒரு சட்டைப் பொத்தான் போல் வரும். ஆறவிட்டு, புரட்டிப் போட்டு, மறுபடி உருக்க வேண்டும். ஐந்து தடவை. நாலு தடவை போதும் என்று சொன்ன ஆராய்ச்சி மாணவர்களை நான் உள்ளே விட்டதில்லை. அப்புறம் அதைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்துச் சூளைக்குள் பத்து நாள் வைத்தால்தான் அணுக்கள் அதனதன் இடத்தில் போய் உட்காரும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெருமை, தெர்மோகப்புள் ஒட்டுவதில்தான். வெப்பத்தை அளக்கும் அந்தக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. அதை வெள்ளிப் பசையால் மாதிரியின் மேல் ஒட்ட வேண்டும். மூச்சை வேகமாக விட்டால் கம்பி பறந்துவிடும். காலையில் ஒட்டினால் பசை காய்ந்து, மாதிரியைப் பித்தளைக் குழலுக்குள் இறக்கி, வெப்பநிலை ஒரே இடத்தில் நிலைத்து நிற்க மத்தியானம் இரண்டே முக்கால் ஆகிவிடும். நான் ஒட்டியது நழுவியது என்று யாரும் சொன்னதில்லை. அன்வர் வாத்தியார் சொல்லும் வரைக்கும்.

அந்த வருஷம் காந்தத்தைக் குளிர்விக்கும் கருவி செத்துப்போனது. எங்கள் காந்தம் ஆளுயரம், மின்சாரம் பாய்ந்தால் கொதிக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புதுக் கருவி கேட்டுப் போன கோப்பு திரும்பவில்லை. காந்தம் மூன்று வாரம் சும்மா கிடந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மொட்டை மாடியில் துறையின் பெரிய தண்ணீர்த் தொட்டி, மேலே தகரக் கூரையோடு நிழலில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு இரும்புக் குழாயை மாடியில் படுக்க வைத்துக் கீழே இறக்கினால் காந்தத்துக்குத் தண்ணீர். சாரிடம் எழுதிக் கொடுத்தேன், ராகு காலம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். குமராட்சியிலிருந்து பிளம்பர் வந்து அரை நாளில் முடித்துவிட்டார். காந்தத்தின் உள்ளேயும், மாதிரி இருக்கும் பித்தளைக் குழலைச் சுற்றிய செப்புச் சுருளிலும் தண்ணீர் ஓடி, பின்பக்கம் போய் முருங்கை மரத்துக்குப் பாய்ந்தது. மரம் காய்த்துத் தள்ளியது. ஆசிரியர் தினத்தன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். குழாய் போட்டதற்குச் சால்வை வாங்கிய ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

ஒரே ஒரு கஷ்டம். தண்ணீரை எப்போதும் ஓடவிட்டால் தொட்டி காலியாகி, துறையின் கழிப்பறைகள் வறண்டுபோகும். ஆகவே காந்தத்தைப் போடும் நேரத்தில் மட்டும் வால்வைத் திறப்பேன். திறந்ததும் அன்வர் மின்சாரத்தை மெதுவாக ஏற்றுவார். இரண்டு நிமிஷம் வைத்திருந்துவிட்டு இறக்குவார்.

அடுத்த கோடையில், சூளையிலிருந்து வந்த அவருடைய ஏழாவது கலவை அதிசயம் செய்தது. வியாழக்கிழமை மூன்று ஐந்துக்கு வால்வைத் திறந்தேன், அவர் காந்தத்தை ஏற்றினார், வெப்பம் எட்டரை டிகிரி ஏறியது. இறக்கினார், இறங்கியது. அப்படிப்பட்ட காந்தத்தில் மூன்று டிகிரி ஏறினாலே கைதட்டுவார்கள். வாத்தியார் எழுந்து நின்று "அல்ஹம்துலில்லா" என்றார். சபாநாயகம் சார் கண்ணாடியைத் துடைத்தார். முதல் முறையாகச் சந்தோஷத்தில் துடைத்தார்.

வாத்தியாருக்குக் காந்தம் செவ்வாயும் வியாழனும். மறு செவ்வாய் அளந்தால் இரண்டரை டிகிரிதான். வியாழக்கிழமை மறுபடி எட்டரை. செவ்வாய் இரண்டரை. இப்படியே நாலு வாரம். செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று மணிக்குத் தொடங்குவதால், இரண்டே முக்காலுக்கு ஆரம்பித்தால் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்று சார் நாலு முப்பத்தைந்துக்குத்தான் தொடங்க விடுவார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க மேரிக்கா. செவ்வாக்கெழமைல மட்டும் கம்பி சரியா ஒட்டல போல இருக்கு. அந்தக் கணக்க ஒதுக்கிடறேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஏன் வாத்தியாரே, செவ்வாக்கெழமை ஆனா மட்டும் என் கை கோணிக்குமா? வியாழக்கெழமை நேராயிடுமா?"

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் நிலைமை அப்படி. பட்டத்துக்காக எட்டு வருஷம் ஓடிவிட்டது. மூன்றாவது நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடிகிறது, பள்ளி விடுப்பும் அதோடு சரி. அடுத்த வியாழன் ஆய்வுக் குழுவின் வெளி உறுப்பினர் நேரில் வந்து பார்க்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால் பதிவு ரத்து; எட்டு வருஷமும் வீண், வெறுங்கையோடு மங்கலம்பேட்டைக்குப் போய்ப் பிரேயரில் அட்டென்ஷன் சொல்ல வேண்டியதுதான். அதனால் எட்டரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது புரிந்தது. ஆனாலும் என் கையைச் சொன்னது ஆறவில்லை.

அதே வாரம் வியாழக்கிழமை, அளக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன், விரலில் பட்ட வெள்ளிப் பசையைக் கழுவ ஆய்வுக்கூடத்தின் மூலையில் கை கழுவும் தொட்டியின் குழாயைத் திறந்தேன். அதுவும் மாடிக் குழாயிலிருந்து பிரிந்து வருவதுதான். தண்ணீர் சுரீர் என்று சுட்டது. கையை உதறினேன். சிதம்பரத்து மே மாதத்தில் மூன்று மணிக்கு எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் முதலில் வெந்நீர்தான் வரும், கொஞ்ச நேரம் போனால்தான் பச்சைத் தண்ணீர் வரும். குழந்தைக்குக் கால் கழுவிவிடும்போதுகூட நாம் முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிடுகிறோம். இது தெரியாதவர்கள் ஊரில் யாரும் இல்லை. ஆய்வுக்கூடத்துக்குள் வந்ததும் எங்கள் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. வால்வைத் திறந்ததும் மாதிரியைச் சுற்றி முதலில் ஓடுவது வெயிலில் படுத்துக் கிடந்த குழாயின் வெந்நீர். இரண்டு நிமிஷத்தில் அது தீர்ந்து தொட்டியின் பச்சைத் தண்ணீர் வரும். காந்தத்தை ஏற்றினால் சூடு, இறக்கினால் குளிர்ச்சி. செவ்வாய்க்கிழமை? நாலு மணிக்குத் தோட்டக்காரர் அதே குழாயில் அரை மணி நேரம் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். நாலு முப்பத்தைந்துக்கு வெந்நீரெல்லாம் செம்பருத்திக்குப் போயிருக்கும்.

ஆனால் இது என் ஊகம். நிச்சயமாகத் தெரிய வேண்டும். காந்தத்துக்கு அசையாத, எந்த வித்தையும் தெரியாத ஒரு பொருள் வேண்டும். கரும்பலகைக்குக் கீழே சாக்பீஸ் கிடந்தது.

காந்தம் சும்மா இருப்பது புதன்கிழமை. அன்றைக்குச் சார் ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்க்காத நேரம் ஒன்றுதான் உண்டு. மாதா மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, முதல் ரயிலிலேயே வந்து ஒரு சாக்பீஸ் துண்டில் கம்பியை ஒட்டினேன். முன்னெப்போதும் அவ்வளவு அழகாக ஒட்டியதில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, சுத்தமான ராகு காலத்தில் வால்வைத் திறந்து காந்தத்தை ஏற்றினேன்.

சாக்பீஸ் ஆறு டிகிரி சூடானது. காந்தத்தை இறக்கினேன், குளிர்ந்தது. உலகத்திலேயே காந்தத்தில் சூடாகும் முதல் சாக்பீஸ்.

எட்டரையில் ஆறு போனால் இரண்டரை. செவ்வாய்க்கிழமைக் கணக்குச் சரி. என் கை கோணவில்லை என்று ஒரு நிமிஷம் உள்ளுக்குள் குதித்தேன். அடுத்த நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன். குழாய் யார் போட்டது? சால்வை யார் வாங்கியது? நான் ஒருத்தி சும்மா இருந்திருந்தால் வாத்தியார் இன்றைக்கு இரண்டரையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

இரண்டு மணிக்கு வாத்தியார் வந்தார், கையில் ஒரு தூக்கு. மறுநாளுக்காக வீட்டில் நேர்ந்துகொண்டு செய்த பாயசமாம். அதை வாங்கி வைத்துவிட்டு, சாக்பீஸைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"மேரிக்கா, நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். மூணு மணிக்கு அளந்து காட்டிட்டா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு. அப்பறமா நானே சரி பண்ணிடறேன்."

சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்ததை மறைப்பானேன்? அவர் மேல் பாவம் பார்த்து மட்டுமல்ல, என் குழாய் விஷயம் வெளியே வராமல் நானும் தப்பித்துக்கொள்வேன். அதற்குள் அவரே சாக்பீஸைக் கையில் எடுத்து உருட்டினார்.

"இருவது வருஷமா இத வச்சுதான் பசங்களுக்கு உண்மையச் சொல்லிக் குடுக்கறேன்" என்றார். "வாங்க, சார்கிட்ட போவலாம்."

சார் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், நான் சுவரைப் பார்த்தேன், பிறகு மின்விசிறியைப் பார்த்தேன், அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நோட்டுல ஏறுச்சா மேரி?"

"இல்ல சார்."

"ஏன்?"

"நேரம் போடணுமே சார். ஒரு மணிக்குப் பண்ணேன்."

துடைப்பது நின்றது. சாக்பீஸ் சூடானதுகூட அவரை அப்படி அசைக்கவில்லை. "புதன்கெழமை ஒரு மணியா!" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். "இன்னொன்னு பாருங்க மேரி. நா ராகு காலம் பாக்காம இருந்திருந்தா ரெண்டு நாளும் ரெண்டே முக்காலுக்கே ஆரம்பிச்சிருப்பீங்க. ரெண்டு நாளும் எட்டரைதான் வந்திருக்கும். கடைசி வரைக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்."

யோசித்துப் பார்த்தால் அது உண்மை. முப்பது வருஷமாக முதுகுக்குப் பின்னால் நான் செய்த கேலியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தரைமட்டமாகிவிட்டது.

நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். வருகிறவரிடம் சொல்லப் போகிறோமா இல்லையா என்று மட்டும் அவர் சொல்லவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் வாத்தியாரும் பாயசத்தைத் தொடவே இல்லை.

வியாழக்கிழமை மூன்றேகாலுக்கு வர வேண்டிய வெளி உறுப்பினர் இரண்டு மணிக்கே வந்து நின்றார். திருச்சிப் பக்கத்துக்காரர், கனத்த உடம்பு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நாலரைக்கு எனக்கு ரயில். இப்பவே ஆரம்பிச்சுடலாமா?"

நான் சாரைப் பார்த்தேன். இனி டீ வரும், போட்டோ வரும், மரம் வரும். அவருக்கு உதவியாக நானே எடுத்துக் கொடுத்தேன். "சார், முருங்க மரம் காட்டலாமா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியாரின் சட்டை அன்றைக்குத்தான் இஸ்திரி போட்டிருந்தது.

"வேணாம் மேரி. சாக்பீஸ வைங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே சாக்பீஸிலும் மாதிரியிலும் கம்பி ஒட்டி வைத்திருந்தேன்; சாக்பீஸைக் குழலுக்குள் இறக்கி வால்வைத் திறந்தேன். வாத்தியார் காந்தத்தை ஏற்றினார். வெப்பம் ஒன்று, இரண்டு என்று ஏறி ஆறரையில் நின்றது. வந்தவர் குனிந்து பார்த்து வியந்துபோனார். "பிரமாதம்! என்ன காம்பவுண்டு இது?"

"சாக்பீஸ்" என்றார் சார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

எல்லாவற்றையும் சார்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் என்னிடமிருந்து நோட்டை வாங்கி, திரும்பி நின்று ஏதோ எழுதி மூடி வைத்தார். பிறகு தண்ணீரை அரை மணி நேரம் ஓடவிட்டு, குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உண்மையான மாதிரியை வைத்தோம். இரண்டரை. மறுபடி வைத்தோம். இரண்டரை. அது சத்தமில்லாத, நாணயமான இரண்டரை.

வந்தவர் வாத்தியார் ஒதுக்கி வைத்திருந்த செவ்வாய்க்கிழமைத் தாள்களை எல்லாம் வாங்கிப் புரட்டினார்.

"எல்லா மாதிரிக்கும் செவ்வாக்கெழம அளவு இருக்கே. புதுசா எதுவும் அளக்க வேணாம். இதையே வச்சு எழுதுங்க. சாக்பீஸ மொதல் படமாப் போடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "கம்பி யாரும்மா ஒட்டுனது? எல்லா வாரமும் ஒரே மாதிரி வந்திருக்கு."

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கை கழுவ வேண்டும், கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனார். போனவர் அங்கிருந்து குரல் கொடுத்தார். தொட்டி காலி. தண்ணீரெல்லாம் உண்மைக்கும் முருங்கைக்கும் போய்விட்டது. எட்டு வருஷ உழைப்புக்குக் கையெழுத்துக் கிடைத்த வாத்தியார் தோட்டத்து அடிபம்புக்கு ஓடி, பக்கெட்டில் தண்ணீர் சுமந்து வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் தூக்கைத் திறந்து எல்லோருக்கும் பாயசம் ஊற்றினார். முதல் நாள் பாயசம் லேசாகப் புளித்திருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, வந்தவர் இரண்டு தம்ளர் குடித்தார்.

அவர்கள் ரயிலடிக்குப் போன பிறகு நான் தனியாக நோட்டைத் திறந்தேன். முதல் நாள் நான் எழுதியது இருந்தது: "மாடிக் குழாயை இணைத்தது நான். ஆரோக்கியமேரி." அதற்குக் கீழே வாத்தியார் எனக்குத் தெரியாமல் எழுதியிருந்தார்: "செவ்வாய்க்கிழமைகளை ஒதுக்கியது நான். மேரி அக்காவின் கையைக் குறை சொன்னதும் நான். அன்வர்." அதற்கும் கீழே பச்சை மையில், அலுவலகக் கடிதம் போலவே, "மேற்கண்ட இரண்டுக்கும் அனுமதி அளித்தது நான். தவறு என்னுடையது. இவ்விருவர் மேல் குறிப்பு எதுவும் வேண்டியதில்லை" என்று இருந்தது. கையெழுத்து. அதன் பக்கத்தில், எப்போதும் போல, நேரம்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன்.

கயல், பழைய நோட்டு அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, ஓரத்தில் பாயசக் கறை இருக்கும். அதற்கு மறுநாள் நான் சுவரில் எழுதி ஒட்டியதைக் கிழிக்காதே. இன்ஜினியர் மறுபடி சிரித்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பச்சை மையில் உள்ள கையெழுத்தைக் காட்டு. நம் பக்கத்து ஆளாக இருந்தால் நேரத்தைப் பார்த்ததுமே அவர் சிரிப்பு நின்றுவிடும். வியாழக்கிழமை, பிற்பகல் 2.30.